தேய்ந்த சஸ்பென்ஷனைக் குறைந்த செலவில் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

நல்ல சாலையில் கார் அமைதியாகப் போகும். சின்னச் சின்னப் பள்ளங்கள் வந்ததும் முன்பக்கத்திலிருந்து 'லொட லொட' என்று ஆரம்பித்துவிடும். யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பதில், "ஷாக் போயிருக்கும், மாத்திடுங்க."

நானும் ஒருமுறை அதை நம்பி முன்பக்க ஷாக் (பள்ளத்தில் வண்டியின் குலுக்கத்தை அடக்கும் எண்ணெய்க் குழாய்) இரண்டையும் மாற்றினேன். வண்டியை வெளியே எடுத்ததும் முதல் பள்ளத்திலேயே அதே சத்தம். பிறகு வண்டிக்கு அடியில் படுத்து ஒவ்வொன்றாகக் கையால் ஆட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, லிங்க் ராடின் (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் பாரைச் சக்கரப் பகுதியோடு இணைக்கும் சிறு கம்பி) மேல் முனையில் இருக்கும் சின்னப் பந்து மூட்டு தளர்ந்திருந்தது. ஷாக்குக்குக் கொடுத்த பணத்தில் சிறு பங்குதான் அதன் விலை. கழற்றிய பழைய ஷாக்குகளில் ஒரு சொட்டு எண்ணெய்க் கசிவுகூட இல்லை.

அன்றிலிருந்து, தேய்ந்த பாகம் எது என்று கையால் தொட்டு உறுதி செய்யாமல் நான் எதையும் வாங்குவதில்லை. கையில் காசு குறைவாக இருப்பவர்கள் பெரும்பாலும் விலை மலிவான பாகத்தைத் தேடி அலைகிறார்கள். தேவையில்லாத பாகத்தை வாங்காமல் இருப்பதில்தான் உண்மையான மிச்சம் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் ஒரு பெரிய பகுதியைச் சோதனைக்காகவே எழுதியிருக்கிறேன்.

சத்தம் எப்போது வருகிறது?

முதலில் காசு செலவில்லாத வேலைகளை முடித்துவிடுங்கள். டயர் காற்றழுத்தத்தைச் சரிபாருங்கள். காற்று அதிகமாக இருந்தாலே வண்டி கல் மாதிரி குதிக்கும். டிக்கியில் இருக்கும் ஜாக்கி, ஸ்பேனர், உதிரி டயர் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வையுங்கள். வண்டிக்கு அடியில் குனிந்து சைலன்ஸரைக் கையால் ஆட்டுங்கள் (இஞ்சின் ஆறியிருக்க வேண்டும்). சஸ்பென்ஷன் சத்தம் என்று பயந்த பலவும் இங்கேயே முடிந்துவிடும்.

அப்புறம், கூட ஒருவரை உட்கார வைத்து, ஜன்னலை இறக்கிவிட்டு, ஒரு சுவர் ஓரமாக மெதுவாக ஓட்டுங்கள். சுவரில் பட்டு வரும் ஒலியில் எந்தப் பக்கம் என்பது நன்றாகத் தெரியும். ஓட்டிக்கொண்டே பிரேக்கை மிக லேசாக மிதித்துப் பாருங்கள். சத்தம் உடனே நின்றுவிட்டால், ஆடுவது பிரேக் பேடோ காலிபரோதான். சஸ்பென்ஷனைத் தொட வேண்டாம்.

சின்னக் குழிகளில் தொடர்ந்து 'டக டக' என்று வந்தால் முதல் சந்தேகம் லிங்க் ராட் மேல். ஸ்டெபிலைசர் பார் புஷ் (உலோகப் பாகங்களுக்கு நடுவே இருக்கும் ரப்பர்) அடுத்தது. பிரேக் பிடிக்கும்போதும் பின்னால் எடுக்கும்போதும் ஒரே ஒரு 'டொம்' என்றால், லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழிருந்து வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் கை) பின் புஷ் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். வண்டி நின்ற நிலையில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது 'டொய்ங்' என்று ஸ்பிரிங் துள்ளும் சத்தம் வந்தால், ஷாக்கின் தலையில் இருக்கும் மவுன்ட் பேரிங்கைப் பார்க்க வேண்டும். இன்னொருவரைத் திருப்பச் சொல்லிவிட்டு காயில் ஸ்பிரிங் மேல் லேசாகக் கை வைத்தால், அது இறுகி நின்று பிறகு சட்டென்று விடுபடுவதை விரல்களே சொல்லும். சுருளுக்கு நடுவே மட்டும் விரலை நுழைக்காதீர்கள்.

பெரிய பள்ளத்தில் மட்டும் பலமாக இடித்தால் பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுக்க அமுங்கும்போது இடியைத் தாங்கும் கட்டை) உதிர்ந்திருக்கலாம், அல்லது ஸ்பிரிங் தளர்ந்தோ உடைந்தோ இருக்கலாம். ஸ்பிரிங் பெரும்பாலும் கடைசிச் சுற்றில், தட்டில் உட்காரும் இடத்தில் உடையும். வெளியிலிருந்து பார்த்தால் முழுசாகவே தெரியும், ஆகவே அந்த இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள்.

'கீச் கீச்' என்பது வேறு வகை. மழை நாளில் மறைந்து வெயிலில் திரும்பி வந்தால் அது ரப்பர் புஷ்தான். ஒரு தெளிப்பான் பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வண்டியின் மூக்கை அமுக்கி அமுக்கி விடட்டும். நீங்கள் ஒரு புஷ்ஷுக்குத் தண்ணீர் அடியுங்கள், கேளுங்கள், அடுத்ததற்குப் போங்கள். எந்தப் புஷ் நனைந்ததும் சத்தம் மாறுகிறதோ அதுதான் ஆள். அங்கே இஞ்சின் ஆயிலையோ சாதாரண கிரீஸையோ தடவிவிடாதீர்கள், பெட்ரோலியம் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிப் பொதபொதவென்று ஆகிவிடும். தடவியே ஆக வேண்டும் என்றால் சிலிக்கான் கிரீஸ்.

வண்டியைத் தூக்குவது

இந்த இடத்தில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். சமமான, கெட்டியான தரை. முன்பக்கத்தைத் தூக்கும்போது பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. வண்டி கியரில், ஹேண்ட் பிரேக் போட்டபடி. பின்பக்கத்தைத் தூக்கினால் ஹேண்ட் பிரேக்கை நம்ப முடியாது, பெரும்பாலான வண்டிகளில் அது பின் சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. எனவே முன் சக்கரங்களுக்குக் கட்டை கட்டாயம்.

சக்கரத்தைக் கழற்றப் போகிறீர்கள் என்றால், நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிட்டு, பிறகு ஜாக்கி போடுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். வண்டி நிற்க வேண்டியது ஸ்டாண்டில். கழற்றிய சக்கரத்தைப் படுக்க வைத்து வண்டிக்கு அடியில் தள்ளிவிடுங்கள். ஸ்டாண்ட் நழுவினாலும் உங்களுக்கும் வண்டிக்கும் நடுவே அது இருக்கும். செங்கல், ஹாலோ பிளாக் எதையும் ஸ்டாண்டாக வைக்காதீர்கள். சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கிவிடும்.

கையால் ஆட்டிப் பார்ப்பது

சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன், நட்டுகள் இறுக்கமாக இருக்கும்போதே, வண்டி தூக்கிய நிலையில், சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பெரும்பாலும் பால் ஜாயின்ட் (லோயர் ஆர்மைச் சக்கரப் பகுதியோடு இணைக்கும் பந்து மூட்டு), சக்கர பேரிங், இரண்டில் ஒன்றாக இருக்கும். எது என்று பிரித்தறிய, உள்ளே ஒருவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயின்ட். சில சமயம் ஷாக்கின் மேல் மவுன்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் என்றால் டை ராட் எண்ட் (சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் கம்பியின் வெளி முனை மூட்டு) அல்லது அதற்கு உள்ளே இருக்கும் ரேக் எண்ட். டை ராட் எண்ட் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு ஆட்டினால், மூட்டு தனியாக 'டிக்' என்று நகர்வதை உணரலாம்.

ஒரு எச்சரிக்கை. முன்பக்கம் ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண்) உள்ள வண்டிகளில் எடையை ஸ்ட்ரட் தாங்குகிறது. சக்கரத்தைத் தொங்கவிட்டுச் சோதித்தாலே கீழ் பால் ஜாயின்டின் ஆட்டம் தெரிந்துவிடும். ஆனால் ஸ்பிரிங் கீழ் ஆர்மின் மேல் உட்கார்ந்திருக்கும் வண்டிகளில், தொங்கவிட்டால் ஸ்பிரிங்கே மூட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆட்டத்தை மறைத்துவிடும். அவற்றில் ஆர்மின் வெளி முனைக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கித்தான் சோதிக்க வேண்டும்.

லோயர் ஆர்ம் புஷ்ஷைப் பார்க்க, ஆர்முக்கும் சப்ஃபிரேமுக்கும் (ஆர்ம் மாட்டியிருக்கும் கீழ்ச் சட்டம்) இடையே ஒரு கனமான கம்பியைக் கொடுத்து நெம்புங்கள். நல்ல புஷ் கொஞ்சம் நகர்ந்து, விட்டதும் பழைய இடத்துக்கு வந்துவிடும். மேல்பரப்பில் மெல்லிய வெடிப்புகள் இருந்தால் மட்டும் அது கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ரப்பருக்கு வயதாகியிருக்கிறது, அவ்வளவுதான். நெம்பும்போது கிழிசல் வாயைத் திறந்து உள்ளே இரும்புக் குழாய் தெரிந்தால், அல்லது ரப்பர் குழாயிலிருந்து பிய்ந்து தனியாகச் சுற்றினால், மாற்ற வேண்டும். சில புஷ்களுக்குள் திரவம் இருக்கும். அவற்றைச் சுற்றி ஈரக் கறை இருந்தால் வேலை முடிந்தது.

லிங்க் ராடைச் சோதிக்கும்போது இரண்டு முன் சக்கரங்களும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். இரண்டும் தரையில், இல்லாவிட்டால் இரண்டும் தூக்கலில். ஒன்று மட்டும் தூக்கியிருந்தால் பார் முறுக்கிக்கொண்டு லிங்க்கை இழுத்துப் பிடிக்கும், ஆட்டம் தெரியாது. சந்தேகம் தீரவில்லையா? இரண்டு லிங்க்குகளையும் கழற்றி, பாரின் முனைகளை எதிலும் இடிக்காதபடி கட்டிவிட்டு, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் நடை வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். வளைவில் வண்டி அதிகம் சாயும், அதனால் வேகம் கூடாது. சத்தம் போயிருந்தால் குற்றவாளி லிங்க் அல்லது பார் புஷ். தனிச் சோதனைக் கருவி எதுவும் இல்லாமல் கிடைக்கும் இவ்வளவு தெளிவான பதிலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஷாக் கடைசியில். வண்டியின் ஒரு மூலையை அமுக்கிவிட்டால் ஒருமுறை எழும்பி அடங்க வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் பலவீனம். ஆனால் அடங்கிவிட்டது என்பதற்காக ஷாக் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஷாக்கின் உடலில் எண்ணெய் வழிந்து புழுதி அப்பியிருக்கிறதா, டயரின் ஓட்டுப்பரப்பைக் கையால் தடவினால் மேடு பள்ளமாகத் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருக்கிறதா, வேகத்தில் மேடு தாண்டினால் வண்டி மிதக்கிறதா என்று சேர்த்துப் பாருங்கள். தண்டைச் சுற்றி லேசான எண்ணெய்ப் பூச்சு இருப்பது சகஜம், அதைக் கசிவாக எண்ணிப் பயப்பட வேண்டாம்.

எதை முதலில் மாற்றுவது?

பட்டியல் நீளமாக வந்து, பணம் ஒன்றுக்கோ இரண்டுக்கோதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பால் ஜாயின்டும் டை ராட் எண்டும் எப்போதும் முதலில். இவை கழன்றால் சக்கரம் மடங்கிவிடும், அல்லது ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. இவற்றில் ஆட்டம் தெரிந்தால் அந்தப் பாகத்தை மாற்றும் வரை வண்டியை ஓட்டவே கூடாது. உடைந்த ஸ்பிரிங்கும் இதே வரிசை. அதன் கூரான முனை டயரைக் கிழிக்கலாம்.

அதற்கு அடுத்து லோயர் ஆர்ம் புஷ். அது கிழிந்திருந்தால் சக்கரத்தின் கோணம் மாறி டயர் வேகமாகத் தேயும், அந்த டயரின் விலை புஷ்ஷைவிடப் பல மடங்கு. எண்ணெய் ஒழுகும் ஷாக் அதற்குப் பிறகு. பிரேக் பிடித்து நிற்கும் தூரத்தையும் அது கூட்டுவதால் அதிக நாள் தள்ளிப்போட வேண்டாம். சத்தம் மட்டும் போடும் லிங்க் ராடும் பார் புஷ்ஷும் வரிசையில் கடைசி. விலையும் குறைவு, வேலையும் எளிது என்பதால் பலர் இதில்தான் கை வைக்கத் தொடங்குகிறார்கள். பழகிக்கொள்ள அதுவும் நல்ல வழிதான்.

டை ராட் எண்ட், லோயர் ஆர்ம், ஸ்ட்ரட் இவற்றைத் தொட்டால் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்த்து அமைப்பது) பார்த்தாக வேண்டும். லிங்க், பார் புஷ் மாற்றினால் தேவையில்லை. எனவே கோணம் மாறும் வேலைகளைச் சேர்த்து வைத்து ஒரே தடவையில் முடியுங்கள், அலைன்மென்ட் செலவு ஒருமுறையோடு போகும்.

லிங்க் ராட் மாற்றுவது

வேலைக்கு முந்தின நாள் மாலையே நட்டுகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துருப்போக்கும் ஆயில் அடித்துவிடுங்கள், காலையில் ஒருமுறை மறுபடியும் அடியுங்கள். துருவோடு மல்லுக்கட்டுவதில்தான் நேரமும் ஸ்பேனரும் போகின்றன.

இரண்டு சக்கரங்களையும் தூக்கி ஸ்டாண்டில் வைத்த பிறகு, நட்டைத் திருப்பினால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் தண்டும் கூடவே சுற்றும். தண்டின் நுனியில் ஆலன் கீ நுழையும் குழி இருக்கும், அல்லது பின்னால் ஸ்பேனர் பிடிக்கும் தட்டைப் பகுதி இருக்கும். அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வளைய ஸ்பேனரால் நட்டைத் திருப்புங்கள். குழி மழுங்கிவிட்டால் போராட வேண்டாம், ரம்பத்தால் அறுத்துவிடுங்கள். எப்படியும் தூக்கிப் போடப்போகிற பாகம். புதிய லிங்க்கைப் பழையதன் பக்கத்தில் வைத்து நீளத்தையும், முனைகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பதையும் ஒப்பிட்ட பிறகு மாட்டுங்கள். பூட்டு நட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது, புதிதாகவே போடுங்கள்.

லோயர் ஆர்ம் புஷ்: அவசரப்பட்டால் இரண்டு செலவு

புஷ்ஷை மட்டும் மாற்றுவதா, முழு ஆர்மையே மாற்றுவதா? ஒரு புஷ் மட்டும் போயிருந்தால் புஷ்ஷை மட்டும் வாங்கி, பட்டறையில் கொடுத்து பிரஸ்ஸில் (அழுத்தும் இயந்திரம்) ஏற்றிக்கொள்வது லாபம். இரண்டு புஷ்ஷும் பால் ஜாயின்டும் சேர்ந்து போயிருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றையும் தனித்தனியாக வாங்கி ஏற்றுவதைவிட முழு ஆர்ம் மலிவாக வருவதும் உண்டு.

ஆர்மைக் கழற்றும் முன் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வண்டி தரையில் நிற்கும்போது எடுத்த இந்த அளவு பின்னால் தேவைப்படும்.

பால் ஜாயின்டை நக்கிளிலிருந்து (சக்கர பேரிங்கைத் தாங்கும் உலோகப் பகுதி) விடுவிக்க, நட்டை முழுக்கக் கழற்றாமல் சில மரைகளில் விட்டுவிட்டு, மூட்டு நுழைந்திருக்கும் நக்கிளின் கண்ணைப் பக்கவாட்டில் சுத்தியலால் இரண்டு மூன்று முறை அழுத்தமாக அடியுங்கள். கூம்பு விட்டுக்கொடுத்து 'பட்' என்று இறங்கும். மரை மேல் அடித்தால் அது நசுங்கிவிடும். கவட்டை வடிவக் கருவியை நுழைத்து அடித்தால் ரப்பர் உறை கிழியும், அதனால் அதைத் தூக்கிப் போடும் மூட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நக்கிள் விடுபட்டதும் அதை அதிகம் வெளியே இழுக்காதீர்கள்; டிரைவ் ஷாஃப்டின் (இஞ்சின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) உள் மூட்டு கழன்றுவிடலாம், பிரேக் ஹோஸும் இழுபடும்.

பழைய புஷ்ஷை அழுத்தி வெளியே எடுக்கும் முன், அது எந்தக் கோணத்தில் உட்கார்ந்திருந்தது என்று ஆர்ம் மேல் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். பல புஷ்களில் ரப்பருக்கு நடுவே வேண்டுமென்றே இடைவெளி விட்டிருப்பார்கள். அந்த இடைவெளி பார்க்கும் திசை மாறினால் வண்டியின் நடத்தையே மாறிவிடும். புதிய புஷ்ஷை ஏற்றும்போது அதன் வெளி வளையத்தின் மேல் மட்டுமே அழுத்தம் விழ வேண்டும். ரப்பர் மேல் அழுத்தினால் ஏற்றும்போதே கிழிந்துவிடும்.

பலர் கோட்டை விடும் இடம் இனிமேல்தான். புஷ்ஷின் உள் குழாயை போல்ட் இறுக்கிப் பிடிக்கிறது, வெளி வளையம் ஆர்மோடு சேர்ந்திருக்கிறது. ஆர்ம் மேலும் கீழும் போகும்போது குழாய் சுற்றுவதில்லை, நடுவில் இருக்கும் ரப்பர்தான் முறுக்கிக்கொள்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை முழுக்க இறுக்கிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் நிற்கும். பள்ளத்தில் இன்னும் முறுக்கும். புதுப் புஷ் சீக்கிரமே கிழியும், "மட்டமான பாகம்" என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு இன்னொன்று வாங்குவோம். இதைத் தவிர்க்க, போல்ட்டை முதலில் கையிறுக்கமாக மட்டும் வையுங்கள். பிறகு ஆர்மின் வெளி முனைக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, முதலில் எழுதி வைத்த அளவு வரும் வரை நக்கிளை மேலே தூக்குங்கள். அந்த நிலையில் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து, உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். வண்டி ஸ்டாண்டிலிருந்து எழும்ப ஆரம்பித்தால் நிறுத்திவிட்டு, சக்கரத்தை மாட்டித் தரையில் இறக்கிய பிறகு இறுக்கலாம்.

டை ராட் எண்ட்

லாக் நட்டைக் கால் சுற்று மட்டும் தளர்த்தி, அது நிற்கும் இடத்தில் ராட் மேல் பெயின்ட் அடையாளம் வையுங்கள். பழைய எண்டைச் சுற்றிக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணுங்கள், புதியதையும் அதே எண்ணிக்கையில் ஏற்றுங்கள். அலைன்மென்ட் கடை வரை வண்டி நேராகப் போக இது போதும். முனையில் காட்டர் பின் (நட்டு தளராமல் துளையில் செருகி மடக்கும் கம்பி) போடும் நட்டு என்றால், சரியான இறுக்கத்தில் துளை நேராக வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் துளையை நேர்ப்படுத்த வேண்டும், தளர்த்தக் கூடாது. காட்டர் பின் எப்போதும் புதியது.

ஷாக்

ஷாக்கையும் ஸ்பிரிங்கையும் ஓர் அச்சில் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறு பக்கம் பழையது என்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டி நிலையாக நிற்காது. முன்னால் மட்டும், அல்லது பின்னால் மட்டும் இப்போது மாற்றிவிட்டு மற்ற அச்சைப் பிறகு பார்ப்பதில் தவறில்லை.

பின்பக்க ஷாக் பல வண்டிகளில் மேலும் கீழும் ஒரு போல்ட், அவ்வளவுதான். ஸ்பிரிங் தனியாக இருக்கும் வகை என்றால், ஷாக்கைக் கழற்றும் முன் அச்சுக்கு அடியில் ஜாக்கி கொடுங்கள். அச்சு முழுக்கக் கீழே விழாமல் தடுத்துக்கொண்டிருப்பதே அந்த ஷாக்தான்.

முன்பக்க ஸ்ட்ரட் வேறு கதை. அதைச் சுற்றி அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும் வேகத்தில் தெறிக்கும். ஸ்ட்ரட் வண்டியில் இருக்கும்போதோ, ஸ்பிரிங்கைக் கருவியால் அமுக்காமலோ நடு நட்டைக் கழற்றவே கூடாது. எனக்குப் பிடித்த சிக்கன வழி இது: நக்கிளில் மாட்டியிருக்கும் போல்ட்டுகளின் நிலையைப் பெயின்டால் குறித்துவிட்டு, பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் ஒயரையும் விடுவித்து, ஸ்ட்ரட்டை முழுசாக நானே கழற்றுவேன். ஸ்பிரிங் மாற்றும் வேலையை மட்டும் சரியான பிரஸ் உள்ள பட்டறையில் கொடுப்பேன். கூலியில் பெரும்பகுதி மிச்சமாகும், ஆபத்தான பகுதியும் பழகிய கையில் இருக்கும். மேல் மவுன்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், தூசி உறை நான்கையும் அப்போதே பாருங்கள். பின்னால் தனியாக மாற்றினால் இதே கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டும்.

புதிய ஷாக்கை மாட்டும் முன், மாட்டும் நிலையிலேயே நிமிர்த்திப் பிடித்து நான்கைந்து முறை முழுக்க அமுக்கி இழுங்கள். படுக்கையாகக் கிடந்ததில் எண்ணெய் அறைக்குள் புகுந்த காற்று இதில் விலகும். பளபளக்கும் தண்டைப் பிளையரால் மட்டும் பிடிக்காதீர்கள். சின்னக் கீறல் போதும், சீலை அறுத்துக் கசிவை ஆரம்பித்துவிடும்.

பழைய பாகம் வாங்கலாமா?

இரும்பு மட்டும் உள்ளவற்றை வாங்கலாம். வளையாத, துருப்பிடிக்காத நக்கிள், ஸ்டெபிலைசர் பார், புதுப் புஷ் ஏற்றிக்கொள்ளும் எண்ணத்தில் லோயர் ஆர்ம் இவையெல்லாம் சரி. அதே மாடலுக்குரிய அதே அடையாளக் குறி உள்ள ஸ்பிரிங் ஜோடியும் சரி. பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், ரப்பர் புஷ் ஆகியவற்றைப் பழையதாக வாங்கவே வேண்டாம். ஷாக்கும் அப்படித்தான், அது இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று வெளியிலிருந்து சொல்ல வழியில்லை.

முடித்த பிறகு

சக்கர நட்டுகளைக் குறுக்கு வரிசையில் இறுக்கி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, பிரேக் ஹோஸும் ஒயரும் எதிலும் உரசவில்லை என்று பாருங்கள். முதலில் மெதுவாக ஓட்டிவிட்டு, அலைன்மென்டுக்குக் கொண்டு போங்கள். புது ஸ்பிரிங் போட்டிருந்தால் சில நாள் ஓட்டி அது உட்கார்ந்த பிறகு போவது நல்லது, ஸ்டியரிங் கோணல் இல்லாத வரை.

கழற்றி மாட்டிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் பக்கத்து உலோகத்திலும் சேர்த்துப் பெயின்டால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு சக்கர நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்ச்சால் சரிபார்த்துவிட்டு, டார்ச்சோடு அடியில் குனிந்து பாருங்கள். கோடு எங்காவது உடைந்து விலகியிருந்தால் அந்த போல்ட் தளர்ந்திருக்கிறது, இறுக்கிவிட்டு ஏன் தளர்ந்தது என்று பார்க்க வேண்டும்.